வராத ஆறு வண்டிகள்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் சம்பந்தி சென்னியப்பன் அண்ணன். போன தை மாதம் எங்கள் பேத்திக்கு முடியிறக்க மருதமலைக்குப் போயிருந்தோம். சாமி கும்பிட்டுவிட்டு அன்னதானத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது, தனக்கு ஒரு குரு கிடைத்த கதை என்று ஆரம்பித்தார். ஏதோ சாமியார் என்று நினைத்து நான் கைகூப்பப் போனேன். அவர் சொன்னது ஒரு பைக் மெக்கானிக்கை.

அண்ணன் இருபத்தெட்டு வருஷம் சிங்காநல்லூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். பழைய வண்டி எதுவானாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லுவார். ஐம்பத்திரண்டு வயதில் அதை மூடிவிட்டு, அவிநாசி ரோட்டில் பெரிய பெரிய பைக்குகள் விற்கிற ஒரு ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தார். புல்லட்டையே பெரிய வண்டி என்று நினைத்த எனக்கு அவர் சொன்ன வேகமெல்லாம் மனதில் நிற்கவில்லை. மூச்சு விடுவதற்குள் நூறு தாண்டிவிடுமாம்.

அங்கே சர்வீஸுக்குத் தலைமை சுகந்தி என்கிற பெண். முப்பத்துநாலு வயது. அண்ணன் அந்தப் பெண்ணிடம்தான் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டார். குரு என்றுதான் கூப்பிடுவார். உன் குரு ஜடை பின்னியிருக்குதாமே என்று பழைய கூட்டாளிகள் கேலி பண்ணினால், வெள்ளிக்கிழமையானா பூவும் வெச்சிருக்கும் என்பாராம்.

சேர்ந்த புதிதில் அவர் நட்டையெல்லாம் கைப்பக்குவத்தில்தான் முடுக்கினார். சுகந்தி அளவு காட்டுகிற ஸ்பேனரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். என் கை பொய் சொல்லாதுங்க என்றார் இவர். பொய் சொல்லாதுங்கண்ணா, ஆனா காலைல சொன்னதைச் சாயங்காலம் சொல்லாது என்றாளாம். அவ்வளவுதான் அவள் பாடம். நீளமாகப் பேச மாட்டாள்.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்த மாடல் ஒன்றில், முன் பிரேக்குக்கு ஆயில் போகிற ரப்பர் குழாய், ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது ஒரு கம்பியில் உரசுகிறது. உரசி உரசி ஓட்டை விழலாம். விழுந்தால் ஆயில் ஒழுகி, முன் பிரேக் பிடிக்காது. வேறு ஊரில் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். விற்ற வண்டி எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துக் குழாயை மாற்றிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தது.

அந்த ஷோரூமிலிருந்து போன வண்டிகள் பத்தொன்பது.

பழுது என்ற வார்த்தையே போனில் வரக் கூடாது என்றாராம் மேனேஜர். பெயர் கெட்டுவிடும். இலவச செக்கப் முகாம் என்று சொல்லிக் கூப்பிட்டால் போதும். பேசுகிற வேலையை அண்ணனிடம் கொடுத்தார், அண்ணனுக்கு அப்படிக் கனிந்த குரல்.

அண்ணனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. டெலிவரி அன்றைக்கு ஒவ்வொரு வண்டிக்கும் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினவர் அவர்தான். அந்த வாயாலேயே அந்த வண்டியைப் பற்றி எப்படி ஒரு ஆகாத சொல் சொல்லுவது? எனக்கு அது புரிந்தது. எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அரிசி தீர்ந்துபோனால்கூட நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லி வழக்கம்.

பதிமூன்று பேர் வந்தார்கள். ஆறு பேர் வரவில்லை.

அந்த ஆறில் ஒருவர் பிரதீபன் என்கிற பல் டாக்டர். சனிக்கிழமை காலையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போக இருந்தார். வியாழக்கிழமை அண்ணன் போன் பண்ணினபோது, வண்டி அருமையா ஓடுதுங்கண்ணா, முகாமெல்லாம் ஊட்டி போய்ட்டு வந்து பார்த்துக்கலாம் என்று சிரித்தார். அண்ணனும், நல்லபடியா போய்ட்டு வாங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. குன்னூர் இறக்கத்தின் வளைவுகள் கண்ணிலேயே நின்றன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குருவிடம் போனார்.

"எல்லாரையும் மூணு தடவை கூப்பிட்டாச்சுங்க. வராதவங்களை நான் என்ன பண்றது?"

"என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"இலவச முகாம்னு."

"ஏனுங்கண்ணா?"

"மேனேஜர் சொன்னாருங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அண்ணனால் முடியவில்லை. "பொண்டாட்டியக் கூட்டிட்டு மலைக்குக் கிளம்பறவருகிட்ட, பிரேக் போயிரும்னு எப்படீங்க சொல்றது? பயந்துக்குவாரு."

சுகந்தி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே கூட்டிப்போனாள். குழாய் மாற்ற வந்திருந்த அதே மாடல் வண்டி ஒன்று அங்கே நின்றது. அதற்கு எதிரே பத்தடி தூரத்தில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏறி உட்காருங்கண்ணா என்றாள். நான் தள்ளறேன், இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கோங்க, வேணுங்கிறப்ப முன் பிரேக்கைப் புடிங்க என்றாள்.

தள்ளினாள். இருநூறு கிலோ வண்டி மெதுவாக உருண்டது. அண்ணன் பிரேக்கைப் பிடித்தார். லீவர் வெறுமனே வந்து கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் பிடித்தார். ஒன்றுமில்லை. காலை ஊன்றினார், தரையில் வழுக்கியது. வண்டி டயர் அடுக்கில் மெத்தென்று முட்டி நின்றது.

அடி ஒன்றும் இல்லை. அந்தப் பத்தடிக்குள்ள பேத்தி முகம் வந்துட்டுப் போச்சு தங்கச்சி என்றார் என்னிடம்.

குழாயை மாற்றுவதற்காக அந்த வண்டியில் பிரேக் ஆயிலைக் காலையிலேயே வடித்திருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க, குரு."

"பயந்துக்குவீங்கன்னுதான் சொல்லலைங்கண்ணா."

சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அண்ணன் வண்டியிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். பேசினால் வேலை போகலாம் என்று தெரியும். சென்னிமலை முருகனை ஒரு தடவை நினைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"டாக்டருங்களா, சென்னியப்பன் பேசறேனுங்க. நேத்து முகாம்னு சொன்னது நெசமில்லைங்க. உங்க வண்டியில முன் பிரேக் குழாய் பழுது. கம்பெனியே ஒத்துக்கிட்டு லெட்டர் போட்டிருக்குது. எப்ப வேணா பிரேக் புடிக்காமப் போயிரும். நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க. இங்கேயும் ஓட்டிட்டு வர வேண்டாம், டெம்போ அனுப்பி நாங்களே ஏத்திக்கறோம்."

டாக்டர் திட்ட ஆரம்பித்தார். தெரிந்தே நேற்று என்னை வாழ்த்தி அனுப்பினாயா, உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா, வயசாகி என்ன பிரயோஜனம் என்று கேட்டார். அண்ணா என்று கூப்பிட்ட வாயில் நீ, வா, போ என்று வந்தது. நடுவில் அவர் மனைவி, என்னங்க, என்னாச்சுங்க என்று கேட்பதும் போனில் கேட்டது. அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தப்புதாங்க என்று மட்டும் சொன்னார்.

மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டு அதையே சொன்னார். அதில் இரண்டு பேர் திட்டினார்கள். ஐந்து பேருமே வண்டியை அனுப்பச் சம்மதித்தார்கள்.

மேனேஜர் வெளியே வந்து, யாரைக் கேட்டு இப்படிப் பேசினீர்கள் என்று சத்தம் போட்டார். நான்தான் சொல்லச் சொன்னேன் என்றாள் சுகந்தி. அவள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அண்ணன் என்னிடம். அப்புறம் கொஞ்சம் யோசித்து, சொன்ன மாதிரிதான் என்றார்.

சாயங்காலம் டாக்டரின் வண்டி டெம்போவில் வந்து இறங்கியது. அவருடைய மனைவி டெலிவரி அன்றைக்கு டேங்கில் வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை. சுகந்தி அந்தக் குழாயைக் கழற்றி அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கிற பின்னல் வெளியே தெரிந்தது. அந்த இடத்தை விரலால் தடவினார். விரல் ஈரமானது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரொம்பத் திட்டீட்டாருங்க, குரு. எங்கப்பன்கூட என்னை அப்படிப் பேசினதில்லை."

சுகந்தி புதுக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"திட்டறதுக்கு அவரு இருக்காருங்கண்ணா."

அன்னதானப் பந்தியில் அண்ணன் அதோடு கதையை முடித்தார். இலையில் சோறு விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து சாப்பிட்டோம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி வாங்கின இடத்திலிருந்து யாராவது போன் பண்ணினால், வேலை இருக்கிறது என்று உடனே வைத்துவிடாதீர்கள். வண்டிக்கு என்னங்க என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.