பல்லொளி

"போன மாசமும் நான்தான் கறியைக் கல்லுல வெச்சு நசுக்கிக் கொடுத்தேன். தோள்பட்டையே கழண்டு போச்சு!"

மூங்கில் புதருக்குள் சருகோடு சருகாகப் படுத்திருந்த பொரியின் காதில் இது விழுந்தது. பொரி ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கூச்ச சுபாவம். யாராவது எதிரே வந்தால் பேசாமல் ஒதுங்கிக்கொள்ளும்.

பேசியது கரடி. மேலே கிளையில் இருந்த கழுகு சுற்றுமுற்றும் பார்த்தது.

"மெதுவா அண்ணே! யார் காதுலயாவது விழப் போகுது."

"விழட்டுமே! வயசான கடமான் கறியை எவ்வளவு நேரம்தான் நசுக்குறது? இனிமே இளசாப் பாத்து அனுப்பச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். அவர் பாறைமேல நின்னு உறுமுற வரைக்கும்தான் உங்களுக்குத் தேன், எனக்கு மீன். அதை மறந்துடாதீங்க."

இரண்டும் போய்விட்டன. பொரி படுத்த இடத்திலேயே யோசித்தது. 'கரடி எதற்குக் கறியை நசுக்கிக் கொடுக்க வேண்டும்?'

அந்தக் காட்டுக்கு மூன்று காவலர்கள். கல்லையும் கடித்துப் பொடியாக்கும் பல் சிறுத்தைக்கு. மரத்தை வேரோடு பிடுங்கும் கை கரடிக்கு. மலைக்கு அப்பால் ஊரும் எறும்பையும் பார்க்கும் கண் கழுகுக்கு. முன்பு செந்நாய்க் கூட்டம் ஒன்று காட்டுக்குள் புகுந்தபோது மூன்றும் சேர்ந்து அதை விரட்டி அடித்தன. அது உண்மைதான். அன்று காடே கூத்தாடியது. "இனி நீங்கள்தான் எங்களுக்குக் காவல்!" என்று எல்லா விலங்குகளும் சொல்லின.

காவலுக்குப் பங்கு கொடுப்பது அப்படித்தான் தொடங்கியது. முதலில் கரடிக்குத் தேனும் இலுப்பைப் பூவும். பிறகு கழுகுக்குக் குளத்து மீன். பிறகு சிறுத்தைக்கு மாதம் ஓர் உயிர். செந்நாய்கள் திரும்பி வரவே இல்லை. பங்கு மட்டும் நிற்கவில்லை.

பங்கு நாளில் சிறுத்தை பாறைமேல் ஏறி வாயைத் திறந்து உறுமும். உடனே எல்லோரும் முகத்தைத் தரையில் புதைத்துக்கொள்ள வேண்டும். "காவலரின் பல்லொளி பட்டால் கண் அவிந்துபோகும்!" என்று கழுகு சொல்லி வைத்திருந்தது. குட்டிகள் புல் மேயப் பழகும் முன்பே குனியப் பழகின.

மறுநாள் காலை கழுகு காட்டுக்கு மேலே வட்டமிட்டுக் கூவியது.

"கேளுங்கள்! இந்த மாதம் காவலருக்கு இளசாக வேண்டும். பொரியின் குட்டி குன்றியை நாளைக்குப் பாறைக்குக் கொண்டு வர வேண்டும்!"

குன்றி அப்போது தாயின் வயிற்றடியில் ஒண்டி நின்றிருந்தது. "அம்மா, என் பேரைச் சொல்றாங்க!" என்று துள்ளியது.

'இளசு' என்ற சொல் பொரியின் மனதில் முள்ளாகக் குத்தியது. நேற்றுக் கேட்ட பேச்சு இப்போது புரிந்துவிட்டது.

அது நேராகக் காட்டுப்பன்றியிடமும் குரங்கிடமும் ஓடியது. தானாகப் போய்ப் பேசிப் பழக்கமில்லை. வார்த்தை தடுமாறியது.

"அண்ணே, சிறுத்தைக்குப் பல் இல்லைன்னு நினைக்கிறேன். கரடிதான் கறியை நசுக்கிக் கொடுக்குது."

குரங்கு கிளையிலிருந்து விழாத குறை. "ஏய், வாயை மூடு! பல் இல்லைன்னு நீ பாத்தியா?"

"பாக்கலை."

"வேற யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலை. பாத்தாத்தான் கண்ணு போயிடும்னு சொல்றாங்களே."

"அப்புறம் என்ன?"

"அப்படிக் கண்ணு போனவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "தெரியாது. யாரும் பாக்கலை, அதனால யாருக்கும் போகலை. எவ்வளவு நல்ல ஏற்பாடு!"

காட்டுப்பன்றி சேற்றில் புரண்டபடியே பெருமூச்சு விட்டது. "போன வருஷம் என் தங்கச்சியைக் கொடுத்தேன், பொரி. நானும் குனிஞ்சுதான் கெடந்தேன். உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" பிறகு குரலைத் தாழ்த்தியது. "பேசாம இரு. அடுத்த குட்டி பிறக்கும்."

பொரி திரும்பி வந்தது. குட்டியோடு ஓடிவிடலாம் என்றால், மேலே கழுகு வட்டமிட்டபடியே இருந்தது.

மறுநாள் நல்ல வெயில். விலங்குகள் எல்லாம் பாறைக்கு முன்னால் கூடின. இந்தப் பக்கம் கரடி, அந்தப் பக்கம் கழுகு. நடுவில் சிறுத்தை மெல்ல ஏறி வந்து நின்றது. பொரி குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் நின்றது.

"தலை குனிக!" என்று கழுகு கத்தியது.

முகங்கள் எல்லாம் மண்ணில் புதைந்தன. சிறுத்தை வாயைத் திறந்து உறுமியது. பாறையே அதிர்ந்தது. பொரியும் பழக்கத்தில் குனிந்துவிட்டது. மண் வாசனை மூக்கில் ஏறியது. குட்டியின் காலடிச் சத்தம் பாறையை நோக்கிப் போவது கேட்டது.

பொரிக்குத் தைரியம் ஒன்றும் வந்துவிடவில்லை. பயம்தான் இருந்தது. ஆனால் ஒரு கணக்குப் போட்டது. 'எனக்கு இரண்டு கண். குட்டி ஒன்றுதான். ஒரு கண் போனால் போகட்டும்.'

இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணை மட்டும் திறந்து நிமிர்ந்து பார்த்தது.

சிறுத்தையின் வாய் குகைபோலத் திறந்திருந்தது. உள்ளே வெளுத்த ஈறு. ஒரு பக்கம் கறுத்துப்போன ஒரு முளை. வேறொன்றும் இல்லை.

பொரி இடது கண்ணையும் திறந்தது.

"குனி!" என்று சீறியது சிறுத்தை.

"குனிஞ்சா என் குட்டி தெரியமாட்டேங்குது, ஐயா." பொரியின் குரல் கீச்சென்று வந்தது. "உங்க வாய்க்குள்ள பல்லே இல்லை!"

மண்ணில் முகம் புதைத்திருந்த குரங்கு அப்படியே கேட்டது:

"பொரி... கண்ணு இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

"ரெண்டும் இருக்கு!"

குரங்கு ஒரு கண்ணைத் திறந்தது. "அட, ஆமாம்! பொக்கை வாய்!" என்று கத்தியது.

சிறுத்தை பாய்ந்தது. பல் போனாலும் நகம் போகவில்லை. ஒரே அறையில் பொரியின் காது கிழிந்து ரத்தம் கொட்டியது. பொரி ஓடிப்போய்க் குட்டியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. சிறுத்தை மறுபடியும் கை ஓங்கியபோது, நடுவில் ஏதோ கறுப்பாக வந்து மோதியது. காட்டுப்பன்றி!

"போன வருஷமே நான் பாத்திருக்கணும்!" என்று உறுமியது அது. அதன் கண்கள் சிவந்திருந்தன. பின்னால் கடமான்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்து நின்றன.

"கரடி! என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? அடி!" என்று அலறியது சிறுத்தை.

கரடி ஓரடி பின்வாங்கியது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நசுக்கிக் கொடுன்னாங்க, கொடுத்தேன். பல்லொளி, கில்லொளி எல்லாம் கழுகு கட்டின கதை!"

"யாரு, நானா?" கழுகு சிறகை அடித்தது. "உன் நகமெல்லாம் பிளந்துபோய் முருங்கைக் கிளையைக்கூட ஒடிக்க முடியாம இருக்கியே, அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

"இப்போ சொல்லிட்டியே! உன் வலது கண்ணுல பூ விழுந்திருக்கு, அதையும் சொல்லு!"

விலங்குகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. யாரும் குனிந்திருக்கவில்லை. திரும்பிய பக்கமெல்லாம் கண்கள். சிறுத்தை வாயை இறுக மூடிக்கொண்டது.

"பாக்காதீங்க," என்றது. "எல்லாரும் இப்படிப் பாக்காதீங்க!"

யாரும் கண்ணை எடுக்கவில்லை. சிறுத்தை பாறையின் பின்புறமாக இறங்கி, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு மலைப்பக்கம் போனது. கரடி வேறொரு வழியில் நழுவியது. கழுகு பறந்துவிட்டது.

"அம்மா, பசிக்குது," என்றது குன்றி.

சருகுமான்கள் புதருக்குள் ஒளிந்துதான் பால் கொடுக்கும். பொரி அத்தனை பேர் நடுவில், வெட்டவெளியில், கிழிந்த காதோடு நின்று தன் குட்டிக்குப் பால் கொடுத்தது.

நிமிர்ந்து பார்க்க அஞ்சுகிறவர்களின் பயம்தான், பல் போன அதிகாரத்துக்கும் பல் கட்டிவிடுகிறது.