மல்லேகுண்டுப் பாலமும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

ஓசூருக்குத் தெற்கே மலைச்சரிவில் மல்லேகுண்டு என்று ஓர் ஊர். முப்பத்திரண்டு வீடுகள். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. அந்த ஓடையின் நட்டநடுவில்தான் இரண்டு மாநிலங்களின் எல்லை போகிறது. ராகியும் அவரையும் விளைவது இக்கரையில். பேருந்து வந்து நிற்பது அக்கரையில். மழை பிடித்துக்கொண்டால் ஊர் மொத்தமும் ஓடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்படி ஒரு மழையில்தான் சென்னம்மாவின் மகள் நாகரத்னாவுக்குக் கிடைத்த நர்சிங் இடம் கைநழுவிப் போனது. சான்றிதழ்களோடு நேரில் வரச்சொன்ன நாளில் ஓடை கழுத்தளவு ஓடியது. தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் வேறொரு பெண் சேர்ந்திருந்தாள். நாகரத்னா இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் ரோஜா வெட்டுகிறாள்.

சென்னம்மா பாலம் கேட்டு இரண்டு கரை அலுவலகங்களுக்கும் மனுப் போட்டாள். இது அவர்கள் ஓடை என்றது இக்கரை. அவர்களைக் கேளுங்கள் என்றது அக்கரை. ஆறு வருடத்தில் பதினொரு மனு. பன்னிரண்டாவதை எழுத உட்கார்ந்தவள், தாளை மடித்து வைத்துவிட்டு முனீஸ்வரன் கோயிலுக்கு ஊரைக் கூப்பிட்டாள்.

"கேட்டது போதும். நாமே கட்டுவோம்" என்றாள். "ஆனா ஒண்ணு. யாரு வந்து மிரட்டினாலும், தப்புப் பண்ணிட்டோம்னு நம்மள்ல ஒருத்தரும் சொல்லக்கூடாது."

எல்லாரும் கற்பூரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். சாலை வேலை முடித்துப் போன ஒப்பந்ததாரர் அக்கரையில் விட்டுவிட்டுப் போன ஆறு சிமெண்டுக் குழாய்களைக் கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார். குழாய்களை ஓடையில் பதித்து, மேலே பாறாங்கல் அடுக்கி, காரை பூசினார்கள். பத்தொன்பதாம் நாள் பாலம் நின்றது.

ஆறு வருடமாக எட்டிப் பார்க்காத அதிகாரிகள் இரண்டு கரையிலிருந்தும் இரண்டே நாளில் வந்துவிட்டார்கள். அனுமதி இல்லாமல் எல்லை ஓடையை மறித்தது குற்றமாம். பாலத்தை இடிக்க உத்தரவு ஆயிற்று. வேலை செய்தவர்கள் பேரில் வழக்கு. பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டியவன் அதே ஊரைச் சேர்ந்த கிராம உதவியாளன் திம்மராயன்.

திம்மராயன் கொடுத்த பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவனுடையது.

"ஆறு குழாயையும் நீ ஒருத்தனே உருட்டினாயா?" என்றார் இக்கரை அதிகாரி.

"ஆமாங்க சார். சரிவுதானே, அதுவா உருண்டுச்சு."

அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

மறுநாள் காலை இடிக்கும் இயந்திரம் வந்தது. சென்னம்மா பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். "எழுந்திரும்மா" என்று ஓட்டுநர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். வெயில் ஏறியது. அதிகாரிக்கும் சலித்துவிட்டது. ஊர்த் தலைவர் ருத்ரப்பாவைத் தனியே அழைத்தார். "தெரியாமல் செய்துவிட்டோம், மன்னியுங்கள், இனிச் செய்யமாட்டோம் என்று ஊர் சார்பில் எழுதிக் கொடுங்கள். வழக்கு இல்லை. திம்மராயன் வேலைக்குத் திரும்பட்டும். பாலமும் இருந்துவிட்டுப் போகட்டும்."

ருத்ரப்பா யாரையும் கேட்கவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இயந்திரம் திரும்பிப் போயிற்று.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள் சென்னம்மா.

"பாலம் நிக்குதில்ல? காகிதம் எங்கேயோ அலமாரியில கிடக்கும். அதால நமக்கு என்னா குறைஞ்சு போச்சு?"

"இனிச் செய்யமாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வெள்ளத்துல ஒரு கல்லு பேந்தா, அதைத் திரும்ப வைக்கவும் அவங்களைத்தான் கேக்கணும்."

ருத்ரப்பாவின் கண்ணில் பட்டது நிற்கும் பாலம் மட்டும்தான்.

அடுத்த நாள் சென்னம்மா ஒரு கடிதம் எழுதினாள். 'அந்த மன்னிப்பு எங்களுடையது அல்ல. பாலத்தைத் தெரிந்தேதான் கட்டினோம். எத்தனை முறை இடிந்தாலும் கட்டுவோம்.' அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் முழுதும் படித்துக் காட்டி, "இதைக் குடுத்தா மிஷின் திரும்பி வரலாம், வழக்கும் வரலாம். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். யோசித்தார்கள், போட்டார்கள். ருத்ரப்பா வெளியே வரவில்லை. அவர் மனைவி கெம்பம்மா வந்து கைநாட்டு வைத்தாள். முந்தின நாள்தான் வேலை திரும்பக் கிடைத்த திம்மராயன் கடிதத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். பிறகு, "பேனாவைக் குடு அக்கா" என்றான்.

சென்னம்மா பாலத்தின்மேல் நடந்து போய்ப் பேருந்து ஏறினாள். இரண்டு அலுவலகத்திலும் கடிதத்தைக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

ஊரைக் காப்பாற்றப் பொய் சொன்னான் திம்மராயன். பாலத்தைக் காப்பாற்றத் தலை குனிந்தார் ருத்ரப்பா. காப்பாற்றப்பட்ட பாலத்தை மறுபடியும் ஆபத்தில் நிறுத்தினாள் சென்னம்மா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், சென்னம்மா செய்ததுதான். திம்மராயன் தன் பிழைப்பைத்தான் பணயம் வைத்தான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அவன் பட்டியலில் முப்பத்திரண்டு வீட்டின் உழைப்பு காணாமல் போய்விட்டது. ருத்ரப்பா கொடுத்த வார்த்தை அவர் ஒருவருக்குச் சொந்தமானதல்ல. இருவருமே ஊருக்காக முடிவெடுத்தார்கள், ஊரைக் கேட்காமல். அவள் ஒருத்திதான் ஆபத்தைச் சொல்லிவிட்டு, வாசல் வாசலாகக் கேட்டாள். உங்கள் தீர்ப்பு வேறாக இருந்தால், அக்கரைக்குப் பேருந்து உண்டு. இறங்கிப் பாலத்தைக் கடந்து போய் அவளிடமே சொல்லிப் பாருங்கள்.