ஜெயித்த பிள்ளை

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் நிறைமதி என்ற சிஷ்யை இருந்தாள். பதினாறு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

ஞாயிறு காலை சத்சங்கத்துக்கு ஊர் ஜனம் வரும். நிர்வாகி கோமதிநாயகம் அவளை எழுந்து நிற்கச் சொல்வார். "புற்றுநோயை ஜெயிச்ச பிள்ளை, பார்த்துக்கோங்க." ஜனம் கை தட்டும். சிலர் அவள் தலையைத் தொட்டு அழுவார்கள்.

அன்று அவள் எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரும்மா. உன்னைப் பார்த்தா நாலு பேருக்குத் தைரியம் வரும்."

"எனக்கு யாரைப் பார்த்தா வரும்?"

அவள் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"லேசா ஜுரம் அடிச்சாலே திரும்ப வந்துடுச்சோன்னு தூக்கம் போயிடும். கூடப் படிச்சவங்க என்ன பேசுறதுன்னு தெரியாம, பேசுறதையே விட்டுட்டாங்க. பெண் பார்க்க வந்தவங்க, இவளுக்குக் குழந்தை பிறக்குமான்னு எங்கப்பாகிட்ட கேட்டாங்க. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கம்மா முன்னாடி அழவும் முடியாது. அப்புறம் அவளை நான்தான் தேத்தணும். நான் எதை ஜெயிச்சேன்?"

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சொன்னார். "உசிரு மிஞ்சிச்சே தாயி. அதுக்கு நன்றி சொல்லணும். கோபப்படக் கூடாது."

"எட்டு வருஷமாச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். இன்னும் எவ்வளவு சொல்லணும்?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இன்னும் சிலர் எழுந்தார்கள். கோமதிநாயகம் அவசர அவசரமாக பஜனையைத் தொடங்கினார்.

குரு உலகம்மை கையை உயர்த்தினார். பாட்டு நின்றது. அவர் ஆசனத்திலிருந்து இறங்கி நடந்துபோய், வாசல் கதவைச் சாத்தினார். அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை பேசிக்கிட்டிருக்கா. எங்கே கிளம்பிட்டீங்க? கை தட்டத் தெரிஞ்சவங்களுக்குக் கேக்கத் தெரியாதா?"

அவர் குரல் அப்படி ஏறி யாரும் கேட்டதில்லை. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

நிறைமதி பேசினாள். வீட்டில்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னாள். யாரும் குறுக்கிடவில்லை. கடைசியில் குருவைப் பார்த்தாள்.

"அம்மா, இத்தனை ஜபம் பண்ணியும் இந்தக் கோபம் போகலையே. எப்போ போகும்?"

"அதை ஏன் விரட்டுறே? எல்லாரும் ஒதுங்கினப்போ உன் பக்கத்துல நின்னது அது ஒண்ணுதான்."

உலகம்மை எழுந்து வந்து அவள் அருகில் உட்கார்ந்தார்.

"முதல்ல நாங்க வந்து சேர்றோம். அப்புறம் அது போகட்டும்."