கரிச்சான் பாதியில் நிறுத்திய பாட்டு

அன்று காலை குளக்கரைக்கு வந்திருந்தவர்கள்: புள்ளிமான் இரண்டு, முயல் மூன்று, தவிட்டுக்குருவி ஏழு, கீரி ஒன்று, காட்டுப்பன்றி ஒன்று, ஆமை ஒன்று. ஆக மொத்தம் பதினைந்து. மருதமரக் கிளையில் உட்கார்ந்திருந்த குண்டுகரிச்சானை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கேட்க வரவில்லை, பாட வந்திருந்தது.

கறுப்பும் வெள்ளையுமான அந்தச் சின்னப் பறவை எந்தக் கூட்டத்திலும் சேராதது. தானே பாட்டுக் கட்டும், தானே பாடும். ஒரு காலத்தில் அதன் பாட்டைக் கேட்பதற்காகவே அடுத்த மலையிலிருந்து விலங்குகள் இறங்கி வரும். பிறகு, இலுப்பை மரத்தடிப் பாறைக்குழியில் பூ ஊறிப் புளித்த தண்ணீரை அது குடிக்கத் தொடங்கியது. இரண்டு வருஷம் விடாமல் குடித்தது. நடுமதியத்தை விடியல் என்று நினைத்துக்கொண்டு பாடியது. பாடிக்கொண்டே கிளையிலிருந்து தலைகீழாக விழுந்தது. கடைசியில் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

அந்தத் தண்ணீரை விட்டு அன்றோடு நாற்பத்தொரு நாள். இன்று பாட்டு வந்தால் பிழைத்துக்கொள்வோம், வராவிட்டால் கால் தானாகக் குழிப் பக்கம் போய்விடும் என்று கரிச்சானுக்குத் தெரியும்.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுப் பிடித்தால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்கள். பிடிக்காவிட்டால் குடித்துக்கொண்டே இருப்பார்கள்.

கரிச்சான் தன் பழைய பாட்டைப் பாடியது. ஒரு தலையும் எழவில்லை.

"அட, இது மலைமைனாவோட பாட்டாச்சே!" என்றது கீரி. "போன வருஷம் பூரா அது இதைத்தானே பாடுச்சு! திருடறதுதான் திருடறே, கொஞ்சம் நல்லாப் பாடித் திருடக் கூடாதா?"

"இது என் பாட்டு!"

"உன் பாட்டுன்னா, மைனா எப்படி உன்னைவிட நல்லாப் பாடுச்சாம்?"

கரிச்சான் யோசித்துப் பார்த்தது. இது தன் பாட்டுத்தானா? அந்த இரண்டு வருஷத்தில் யார் எதைப் பாடினார்கள் என்றே அதற்குச் சரியாக நினைவில்லை. கீரி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. மீதி பதினான்கு.

"சரி, புதுசா ஒண்ணு பாடறேன். இதை யாரும் கேட்டிருக்க முடியாது" என்று கரிச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"விழுந்த கிளை எதுவென்று நினைவில் இல்லை,
எழுந்து வந்து எங்கமர? புரியவில்லை..."

இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடி வரவில்லை. கரிச்சான் வாயைத் திறந்தபடியே நின்றது.

"என்னண்ணே, கொட்டாவியா?" என்று ஒரு தவிட்டுக்குருவி கேட்டது. மற்ற ஆறும் கெக்கெக்கென்று சிரித்தன.

"வெயில் ஏறுறதுக்குள்ள மேயணும், வா" என்று ஒரு மான் மற்றொன்றிடம் சொன்னது. இரண்டும் போய்விட்டன. மீதி பன்னிரண்டு.

அப்போது புதரை விலக்கிக்கொண்டு கரடி வந்தது. அதன் கையில் தேக்கிலைத் தொன்னை. தொன்னை நிறைய இலுப்பைத் தண்ணீர்.

"தம்பி! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வர்றேன். தொண்டை காஞ்சு கிடக்கே! ஒரே ஒரு வாய் குடி!"

"வேண்டாம்ணே. விட்டு நாற்பத்தொரு நாளாச்சு."

"அதான் பாட்டு வரலை! அன்னைக்கு அப்படிப் பாடினியே, அதெல்லாம் நீயா பாடினே? தண்ணி பாடுச்சுடா!"

கரடி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அப்படித்தான் நம்பியிருந்தது. அதனால்தான் கரிச்சானும் குழம்பியது. குடித்தபோது கூட்டம் இருந்தது. குடித்தபோதே கூட்டம் போகவும் செய்தது. எதனால் எது நடந்தது? பாட்டு தண்ணீருடையது என்றால், தனக்கென்று இருப்பது என்ன, இந்த இரண்டு சிறகா?

கரிச்சான் ஒரு கிளை இறங்கியது. இன்னொரு கிளை இறங்கியது. புளித்த வாசனை மூக்கில் ஏறியது. அலகுக்கும் தொன்னைக்கும் நடுவில் ஒரு விரல்கடை தூரம்தான் இருந்தது.

அங்கே அதற்கு ஒரு சந்தேகம் வந்தது. தந்திரமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டது.

"அண்ணே, நீங்க எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"ஒன்பது வருஷம்!" என்று கரடி மார்பைத் தட்டியது.

"ரெண்டு வருஷத்துக்கே எனக்கு அத்தனை பாட்டுன்னா, உங்களுக்குள்ள எவ்வளவு இருக்கும்! ஒண்ணு பாடுங்களேன்!"

கரடியை இதுவரை யாரும் பாடச் சொன்னதில்லை. அதற்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒன்பது வருஷத்துப் பாட்டுடா, சும்மா வருமா!" என்று சொல்லித் தொன்னைத் தண்ணீர் முழுவதையும் ஒரே மடக்கில் தானே குடித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தது.

"உர்ர்ரோ! ஆர்ர்ராகாவ்!"

"ஐயையோ! யாரையோ கொல்றாங்க!" என்று முயல்கள் மூன்றும் பாய்ந்து ஓடின. தவிட்டுக்குருவிகள் ஆறு விர்ரென்று பறந்தன. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சேற்றில் புரண்டுகொண்டிருந்த பன்றி ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டது.

"எப்படிடா இருந்துச்சு?" என்றது கரடி. "உள்ளே இருக்கிறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. வெளியே வர்றப்போ என்ன ஆச்சுன்னு தெரியலையே!" அப்படியே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

கரிச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே குழி, அதே பூ, அதே தண்ணீர். ஒன்பது வருஷத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. பிறகு மெதுவாக எண்ணிப் பார்த்தது. தன் முதல் பாட்டைக் கட்டியது எப்போது? மருதமரம் பட்டுப்போவதுபோல் காய்ந்த அந்தக் கோடையில். இலுப்பை மரத்தைக் கண்ணால் பார்த்தது? அதற்கு அடுத்த கோடையில். இரண்டு தடவை எண்ணியது. இரண்டு தடவையும் அப்படித்தான் வந்தது.

குழப்பம் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் கரிச்சான் இறங்கிய இரண்டு கிளைகளையும் மறுபடி ஏறியது.

"அண்ணே!" என்று ஒரு குரல் கேட்டது. ஏழு தவிட்டுக்குருவிகளில் ஒன்று பறக்காமல் நின்றிருந்தது. அந்த ஏழும் பிரிந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. "கிளையிலேருந்து விழுந்துச்சே, அந்தப் பறவை. அப்புறம் எங்கே போய் உட்கார்ந்துச்சு?"

"அது எனக்கே இன்னும் தெரியலை" என்றது கரிச்சான். இப்படிச் சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டது.

"தெரிஞ்ச வரைக்கும் பாடுங்களேன்."

கரிச்சான் இரண்டு அடியைப் பாடியது. மறுபடியும் பாடியது. ஆமை தலையை வெளியே நீட்டியது.

"மூணாவது அடி நாளைக்கு வருமா?" என்றது பன்றி.

"வரலாம். வராமலும் போகலாம்."

"வந்து பார்க்கிறோம்" என்றது தவிட்டுக்குருவி.

குருவி ஒன்று, பன்றி ஒன்று, ஆமை ஒன்று. மீதி மூன்று. கரடியும் அங்கேதான் இருந்தது. ஆனால் அது கேட்டதா, தூங்கியதா என்று தெரியாததால் கணக்கில் சேர்க்கவில்லை.

போதை தந்ததாக நினைத்த திறமை தன்னுடையதே என்று தெரிந்துகொண்டவன் மறுபடி தொடங்குவதற்கு, கேட்பவர்கள் மூன்று பேர் போதும்.