கொம்பூதி வந்த வைத்தியர்

முன்னொரு காலத்தில் செங்கோடை நாட்டைச் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயருக்கேற்ற ஆசாமி. காலையில் தூக்கிக் கொடுத்ததைச் சாயங்காலம் பிடுங்கிக்கொள்வான். ஆனால் சிரிக்க வைத்துவிட்டால் போதும், கோபம் பறந்துவிடும்.

அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்வருகிற ஒரு பெண்மணி இருந்தாள், பெயர் அஞ்சுகம். பட்டமும் இல்லை, முத்திரையும் இல்லை. தானும் பல வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள், அவ்வளவுதான். கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் கேட்பாள். பிள்ளைகள் போனதும் வாத்தியாரிடம், “அண்ணே, அந்தக் கழித்தலைப் புளியங்கொட்டை வச்சுச் சொல்லிப் பாப்போமா? நாளைக்கு நானும் கூட இருக்கேன்” என்பாள். அவரும், “நல்லவேளை வந்தீங்கம்மா, என்னமோ நான் சொன்னா பசங்களுக்கு ஏறவே மாட்டேங்குது” என்று மனசைத் திறப்பார்.

கல்விக் கண்காணி உக்கிரசேனருக்கு இதில் வயிற்றெரிச்சல். அவர் போனால் வாத்தியார்களுக்கு வேர்த்துக் கொட்டும். அவள் போனால் மோர் கொடுத்து உபசரிக்கிறார்களே! ராஜாவின் காதைக் கடித்தார்: “மகாராஜா, அதிகாரமில்லாதவள் பேச்சை வாத்தியார்கள் கேட்பது ராஜ்யத்துக்கு அழகா? அவளுக்கும் ஒரு பதவி கொடுத்து என் கீழே வையுங்கள்.”

ராஜாவுக்கு ஒரே குஷி. முத்திரை மோதிரம், பல்லக்கு, கொம்பூதுகிறவன், வேல் பிடித்த காவலர், வாத்தியார்களின் சம்பளத்தை வெட்டுகிற அதிகாரம், எல்லாம் அஞ்சுகத்துக்கு வந்து சேர்ந்தன.

அன்றோடு வந்தது வினை. ஊர் எல்லையில் கொம்பு ஊதினால் போதும், பள்ளிக்கூடத்தில் ‘கண்காணி பாடம்’ தொடங்கிவிடும். அதிகாரி வந்தால் நடத்துவதற்கென்றே ஒவ்வொரு வாத்தியாரும் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிற பாடம் அது. பிள்ளைகள் கிளிப்பிள்ளையாக ஒப்பிப்பார்கள். கழித்தல் தெரியாத பையனை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பியிருப்பார்கள். கேட்டால், “எல்லாம் சுபம், அம்மணி” என்பார் வாத்தியார்.

பொறுக்கமாட்டாமல் அஞ்சுகம் சபைக்கு வந்து மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். “மகாராஜா, கோவிச்சுக்கக் கூடாது. இது வந்தப்புறம் யாரும் எங்கிட்ட உண்மை பேசமாட்டேங்கறாங்க. பிள்ளைங்க படிப்பு கெடுது. எனக்குக் கடைசி வரிசையே போதும்.”

“ராஜா கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா!” என்று உக்கிரசேனர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். ராஜா குதித்தான். “நாளைக் காலைக்குள் நியாயம் சொல். இல்லையென்றால் நாட்டை விட்டு நட!”

மந்திரி நல்லபெருமாள் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே ராஜா சிம்மாசனத்தில் ஒருக்களித்து உட்காருவதை அவர் கவனித்து வந்தார். சாயங்காலம் பின்வாசல் வழியாகத் தனியே வரச்சொல்லி வைத்தியர் மாசிலாமணிக்கு ராஜா ரகசியமாக ஆள் அனுப்பியதும் அவருக்குத் தெரியும். வைத்தியரை வழியிலேயே மடக்கி, “இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வாருங்கள். நான் பொறுப்பு” என்று திருப்பி அனுப்பினார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. அஞ்சுகமும் வந்து நின்றாள். வாசலில் கொம்பு முழங்கியது. அஞ்சுகத்தின் அதே பல்லக்கிலிருந்து வைத்தியர் இறங்கினார். விரலில் அதே மோதிரம், இருபுறமும் அதே வேல்காரர்கள்.

மந்திரி உரக்கச் சொன்னார்: “மகாராஜாவின் திருமேனியில் எங்கே என்ன கோளாறு என்று சபையறியச் சோதிக்க வைத்தியர் அதிகாரத்தோடு வந்திருக்கிறார்!”

ராஜாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. “எமக்கென்ன கோளாறு? எல்லாம் சுபம்!” என்று அடித்துச் சொல்லி, அதைக் காட்டுவதற்காகப் பொத்தென்று நேராக உட்கார்ந்தான். “ஐயோ, அம்மா!” என்று உடனே எழும்பினான்.

“கட்டிதானே, மகாராஜா?” என்றார் மந்திரி. “வைத்தியர் தனியாக வந்திருந்தால் காட்டியிருப்பீர்கள். கொம்பூதி வந்தவரிடம் எப்படிக் காட்டுவது? புரியாமல் விழிக்கிற பிள்ளை வாத்தியாருக்கு அந்தக் கட்டி மாதிரி. அஞ்சுகம் வெறுங்கையோடு போனபோது காட்டினார்கள்.”

ராஜா முறைத்தான். பிறகு வலியையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தான். “உக்கிரசேனரே, நீர் போன பள்ளிக்கூடங்களில் ஏதாவது குறை கண்டதுண்டா?”

“ஒன்றுகூட இல்லை, மகாராஜா!” என்றார் அவர் பெருமையாக.

“நானும் இப்போது அப்படித்தானே சொன்னேன்!” என்றான் ராஜா. சபை கொல்லென்று சிரித்தது. கண்காணியின் தலை தொங்கியது. “இனி கொம்பில்லாமல் அஞ்சுகத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்காரும். அம்மா, உனக்கு என்ன வேண்டும்?”

“வாத்தியாருங்க எங்கிட்ட சொல்றது அரண்மனைக்கு வரக்கூடாது. அவங்களோட உட்கார்ந்து பேச, பள்ளிக்கூட நேரத்துலயே கொஞ்சம் பொழுது வேணும்.”

“தந்தேன். எல்லாரும் உன்னிடம் காட்டுகிறார்கள், சரி. உன் கட்டியை நீ யாரிடம் காட்டுவாய்?”

இத்தனை வருஷத்தில் யாரும் அஞ்சுகத்திடம் அதைக் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சில ஊர்ல நான் சொல்றது எடுபடறதில்ல, மகாராஜா. எங்க தப்புப் பண்றேன்னு எனக்கே தெரியறதில்ல. கேட்டீங்களே, அதுக்கே கோடிப் புண்ணியம்.”

“இவளைப் போல ஊர்ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்” என்றார் மந்திரி. “அமாவாசைதோறும் எல்லாரும் என் வீட்டில் கூடட்டும். தங்களுக்குள் பேசட்டும்.”

அப்படியே நடந்தது. முதல் கூட்டத்துக்கு ஊர்ஊராக வாத்தியார்கள் நன்றியோடு மோர்ப்பானை அனுப்பியிருந்தார்கள். பேச்சு நடுவில் பின்வாசல் கதவு மெல்லத் திறந்தது. கிரீடமில்லாமல், கொம்பில்லாமல், ராஜா தனியாக நின்றான்.

“நேற்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மனசு அரிக்கிறது. யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.”

அஞ்சுகம் பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். “வாங்க மகாராஜா. மெதுவாச் சொல்லுங்க.”