தவளை வைத்த சக்கரம்

ஏரியின் நட்டநடுவில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஏரி என்று பேர்தான். இரண்டு வருடமாக அதில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எப்போதோ மாடுகள் சேற்றில் மிதித்த குளம்புக் குழிகள் அப்படியே காய்ந்து கல்லாகியிருந்தன.

ஆள்காட்டிக்குக் கூடு கட்டும் வழக்கம் இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையை வைத்துவிட்டு மேலே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அது எந்த இடத்தில் முட்டை வைக்கிறதோ, அந்த இடத்துக்கு அந்த வருடம் தண்ணீர் வராது என்று காடு முழுக்க ஒரு நம்பிக்கை. அதனால் நடு ஏரியில் முட்டையைப் பார்த்ததுமே, இந்த வருடமும் மழை இல்லை என்று நண்டுகள் குடும்பத்தோடு வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன.

பதினெட்டாம் நாள் மேற்கே மேகம் கூடியது. எறும்புகள் வாயில் முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தன. ஆள்காட்டி மேகத்தைப் பார்த்தது. பிறகு தன் வயிற்றுக்கடியில் இருந்த நான்கு முட்டைகளைப் பார்த்தது. குஞ்சு பொரிக்க இன்னும் பத்து நாளாவது ஆகும்.

கணக்குத் தப்பிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்வது யாருக்குமே கஷ்டம். மழை சொல்லிப் பேர் வாங்கியவளுக்கு இன்னும் கஷ்டம். ஆனால் பெற்றவள் ஆயிற்றே! வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் பறந்துபோய் எல்லா விலங்குகளையும் கூப்பிட்டது.

"நான் தப்பா இடம் பாத்துட்டேன். ஏரி நிறையப் போகுது. என் முட்டை நாலையும் கரைக்குக் கொண்டுவந்து சேத்துடுங்க. என் அலகுல ஒண்ணைக்கூடத் தூக்க முடியல" என்றது.

முட்டையைத் தூக்குவது பெரிய வேலையா என்று எல்லாரும் முதலில் நினைத்தார்கள். வண்டி ஒன்று இருக்கவே இருந்தது. அதன் சக்கரங்கள் பழைய மரக்கட்டைகள். காட்டுப்பன்றி அதை வெறுமனே ஏரிக்குள் பத்தடி இழுத்துப் பார்த்தது. வண்டி போட்ட ஆட்டத்தில், வேடிக்கை பார்க்க மேலே உட்கார்ந்திருந்த ஓணான் கீழே விழுந்து வாலை முறித்துக்கொண்டது. முட்டை வைத்திருந்தால் பாதி வழியில் ஆம்லெட்தான்.

அப்போதுதான் கீரி முன்னால் வந்தது. வனத்துறைக்காரர்கள் விட்டுப்போன உடைந்த ஜீப்புக்கு அடியில் கீரி மூன்று நாள் படுத்துத் தூங்கியிருக்கிறது. அன்றிலிருந்து காட்டில் எல்லாரும் அதை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சக்கரம் விறைப்பாக இருப்பதுதான் கோளாறு என்றது கீரி. கீழே கல் இடித்தால் அந்த இடி நேராக மேலே இருக்கையில் வந்து இறங்குகிறது. நடுவில் மடங்கி நிமிர்கிற சாமான் ஏதாவது இருந்தால் இடியை அது வாங்கிக்கொள்ளும், மேலே இருப்பவருக்குத் தெரியாது. அதற்குப் பேர் ஸ்பிரிங் என்று சொல்லிவிட்டுக் கீரி சுற்றிலும் பார்த்தது. அதன் கண் கரையோர மண்ணில் போய் நின்றது. அதற்கடியில்தான் மழைக்குக் காத்துத் தவளைகள் தூங்கிக்கொண்டிருந்தன.

பதினாறு தவளைகளை எழுப்பினார்கள். மூங்கிலை வளைத்துப் பெரிய வளையம் இரண்டு செய்தார்கள். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் விளாங்கட்டையில், அச்சு நுழைகிற ஒரு குடம். குடத்தில் முதுகைச் சாய்த்து, வளையத்தில் காலை உதைத்துக்கொண்டு சக்கரத்துக்கு எட்டுத் தவளைகள் உட்கார வேண்டும். கல் வந்தால் முழங்காலை மடக்க வேண்டும், கல் போனதும் நீட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

தவளைகள் லேசில் சம்மதிக்கவில்லை. சக்கரம் சுற்றும்போது பாதி நேரம் தலைகீழாக அல்லவா போக வேண்டும்? பெரிய கல் வரும்போது அடியில் மாட்டிக்கொள்பவன் யார்? கடைசியில் ஆள்காட்டியின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தன. நாலு உயிர் விஷயம் என்பதால் கூலி எதுவும் வேண்டாம், கல் இடித்தால் கத்திக்கொள்ள மட்டும் அனுமதி வேண்டும் என்றன. கீரி பெருந்தன்மையோடு அனுமதித்தது.

மறுநாளே சக்கரம் தயார். பன்றி வெறும் வண்டியை இழுத்தது. குழியில் இறங்கியது, மேட்டில் ஏறியது. கீழே "கொர்", "கொர்" என்று தவளைகள் கத்தின. மேலே வைத்திருந்த பூவரச இலை அசையக்கூட இல்லை. நிஜமாகவே அது அபாரமான சக்கரம். நான் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

ஆள்காட்டிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வண்டியை முட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி முன்னால் பறந்தது. வண்டி வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், காட்டுத் தலைவர் கரடி வண்டிமேல் ஏறிக்கொண்டிருந்தார்.

"சோதனை பண்ணாம முட்டையை ஏத்தலாமாம்மா? குலுங்குச்சா இல்லையான்னு முட்டையால வாயத் திறந்து சொல்ல முடியுமா? நான்னா சொல்லுவேன்" என்றார் கரடி.

பேச்சில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. ஆள்காட்டியும் ஒதுங்கி நின்றது. ஒரு கரடியின் பாரத்தைத் தவளைகள் எப்படித் தாங்கின என்று என்னைக் கேட்காதீர்கள். தவளைகளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தன. வண்டி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கரடி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அசந்து தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டதற்கு, தூங்கிவிட்டதால் சரியாகக் கவனிக்கவில்லை, இன்னொரு முறை போனால்தான் சொல்ல முடியும் என்றார்.

இரண்டாவது முறையும் தூங்கினார்.

சொகுசு பற்றிய செய்தி காட்டில் பரவியது. அடுத்த நாள் சோதனைக்கு மயில் வந்தது. தோகைக்கு இடம் போதவில்லை என்று இருக்கையைப் பின்னால் நீட்டச் சொன்னது. நரி வந்து, உட்கார மெத்தையும் சாய்ந்துகொள்ள ஒரு திண்டும் வேண்டும் என்றது. கீரியின் மாமியார் வந்து ஏறி, வெயில் அடிக்கிறது என்று மேலே பந்தல் போட வைத்தார். ஒவ்வொருவரும் இறங்கும்போது முட்டைக்கு இது ரொம்ப நன்றாக இருக்கும் என்று மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். குரங்குகள் குடும்பமாக வந்து வரிசையில் நின்றன. வரிசை பெரிதானதும், அதை ஒழுங்குபடுத்த ஒரு குழு போட்டார்கள். குழுவில் இருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவாயிற்று.

மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. ஆள்காட்டி தினமும் முட்டைச் சூடு ஆறுவதற்குள் கரைக்குப் பறந்துவந்து கேட்கும். நாளைக்கு என்பார்கள். மறுபடி ஓடிப்போய் முட்டைமேல் உட்காரும். ஐந்தாம் நாள் அதற்குப் பொறுமை போய்விட்டது. வண்டிக்கு முன்னால் வந்து சிறகை விரித்துக்கொண்டு நின்று கத்தியது.

"இதுல எங்கய்யா முட்டைய வைக்கிறது? மெத்தை இருக்கு, திண்டு இருக்கு, பந்தல் இருக்கு. நாலு முட்டை உருளாம வைக்க ஒரு பள்ளம் எங்க இருக்கு?"

கீரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தது. பள்ளம் இல்லைதான். முதலில் ஒன்று இருந்ததாம். உட்காருவதற்கு உறுத்துகிறது என்று கரடி சொன்னதால் பஞ்சு வைத்து அடைத்துவிட்டார்கள்.

"அது சின்ன வேலைதாங்கக்கா. குழுவுல வச்சுப் பேசிடறேன்" என்றது கீரி.

குழுவில் பேசினார்கள். முட்டைப் பள்ளம் இருக்கையின் இடதுபக்கம் வருவதா வலதுபக்கம் வருவதா என்று இரண்டு நாள் பேசினார்கள். அந்த இரண்டு நாளும் வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க வேண்டாமே என்று கரடி அதிலேயே போய்வந்துகொண்டிருந்தார்.

எட்டாம் நாள், கரடி நடு ஏரியில் பந்தலுக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, முதல் தூறல் விழுந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிற மழை! தவளைகளுக்கு அதற்குமேல் யார் முட்டை, யார் மெத்தை என்று எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு தவளை கத்தியது. பதினாறும் கத்தின. அடுத்த நொடி இரண்டு சக்கரத்திலும் ஒரு ஸ்பிரிங் இல்லை. எல்லாம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைப்பக்கம் தாவிப் போய்விட்டன. குடம் கழன்றது, வளையங்கள் தனித்தனியாக உருண்டு போயின, வண்டி மெத்தையோடும் கரடியோடும் களிமண்ணில் உட்கார்ந்தது. கரடி கண்ணைத் திறந்து, இன்று கொஞ்சம் குலுங்கிற்று என்று முதன்முறையாகக் கருத்துச் சொன்னார்.

ஓடையில் செந்நீர் இறங்க ஆரம்பித்தது. முட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே நாற்பது அடிதான் இருந்தது. ஆள்காட்டி கரையைப் பார்த்தது. அங்கே குழு நனையாமல் இருக்க மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. தன் பக்கத்தில், வண்டியின் நுகத்தை உதறிவிட்டுப் பன்றி மட்டும் நின்றது. எட்டு நாளும் எல்லாரையும் இழுத்த பன்றி. அதை யாரும் ஒரு நாளும் ஏற்றவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

முட்டையென்றால் பன்றிக்கு உயிர். காட்டில் அதற்குப் பயந்துதான் எத்தனையோ பறவைகள் மரத்தின் உச்சியில் கூடு கட்டுகின்றன. அது ஆள்காட்டிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் நேராக அதன் மூக்குக்கு முன்னால் போய் நின்றது.

"அண்ணே, வாயத் திற."

பன்றி பின்வாங்கியது. "வேணாம் தாயி. என்னைப் பத்தி எனக்கே நம்பிக்கை இல்ல."

"எனக்கு வேற ஆள் இல்ல. நாலையும் நாக்குமேல வச்சுக்க. பல்லு படக்கூடாது. நான் உன் மூக்குமேலயே உக்காந்திருப்பேன். என் அலகு உன் கண்ணுக்குப் பக்கத்துலயே இருக்கும், பாத்துக்க."

பன்றி முட்டைக்குப் பக்கத்தில் வந்து தலையைத் தாழ்த்தி, நாக்கைப் பள்ளமாகக் குழித்து நீட்டியது. ஒவ்வொரு முட்டையாக அதன்மேல் உருட்டி ஏற்றிய பிறகு ஆள்காட்டி மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்தது. பன்றி நடக்கத் தொடங்கியது.

அப்படி ஒரு நடையை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. பன்றி ஒவ்வொரு காலையும் தூக்கி, தடவிப் பார்த்து, பிறகு வைத்தது. குழி வந்தால் உடம்பு இறங்கியது, கழுத்து உயர்ந்தது, வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. எச்சில் ஒழுகியது. தொண்டை தன்னால் விழுங்கப் பார்த்தது. பன்றி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது ஆசையினாலா பாரத்தினாலா என்று பன்றிக்கே தெரியவில்லை. ஆள்காட்டி முதலில் அதன் கண்ணையே முறைத்துக்கொண்டிருந்தது. பாதி வழியில், அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு, அலகைத் திருப்பிக்கொண்டு கரையை மட்டும் பார்த்தது.

தண்ணீர் பன்றியின் முழங்காலைத் தொட்டபோது கரை வந்துவிட்டது. மேட்டில் ஒரு கல்லிடுக்கில் பன்றி நாக்கை இறக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முட்டைகள் உருண்டன. நான்காவது கொஞ்சம் தாமதித்தது. பன்றி கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நன்றாகச் சாய்த்தது. நான்காவதும் உருண்டு வந்து மற்ற மூன்றோடு சேர்ந்தது. ஆள்காட்டி நான்கின்மேலும் போய் உட்கார்ந்தது.

அப்போது கீரி ஒரு வாழை இலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது. வழியில் குலுக்கல் எப்படி இருந்தது, அடுத்த வண்டிக்குக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பன்றியைக் கேட்டது. பன்றி அதைப் பார்க்கக்கூட இல்லை. ஆள்காட்டிக்குப் பக்கத்தில், மழையில் நனைந்தபடியே படுத்துக்கொண்டது.

"என் வாய்க்குள்ள ஒண்ணு லேசா அசைஞ்சுது தாயி. உள்ள குஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்றது பன்றி.

ஏரியின் நடுவில் மெத்தை மிதந்துகொண்டிருந்தது. கரடி அதைப் பிடித்துக்கொண்டு, யாராவது சீக்கிரம் ஒரு வண்டி கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யாருக்காக ஒரு வண்டியைச் செய்கிறோமோ அவரை ஏற்றாமல் நாமே ஏறிச் சுகம் கண்டுகொண்டிருந்தால், அவருக்கு அது தேவைப்படும் நாளில் அந்த வண்டி ஓடாது.