பனி உழுத மேய்ச்சல்

முன்னொரு காலத்தில், காதுள்ளவர்களே, மூடுமலை என்ற குளிர்நாட்டைப் பெருங்கோ என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான், பொறுமை மட்டும் கடுகளவு.

அந்த நாட்டுச் சாமை வயல்களில் மூன்று ஆண்டுகளாகக் காட்டு மான்கள் புகுந்து மேய்ந்தன. குடிகள் முறையிட்டார்கள். அரசன் வேட்டைக்காரர்களை அழைத்தான். காட்டுக் காவற்காரி மாதி அரண்மனைக்கு ஓடி வந்தாள். மேலே காட்டில் தின்ன ஒன்றுமில்லாமல்தான் மான்கள் கீழே இறங்குகின்றன, மேட்டில் தீவனம் விதைக்கிறேன் என்று மன்றாடினாள்.

“இரண்டு பனிக்காலம் தருகிறேன். பிறகு ஒரு மான் வயலில் கால் வைத்தாலும் ஒன்றுகூட மிஞ்சாது” என்றான் அரசன்.

விதை வணிகன் மூன்று பைகளை அவிழ்த்தான். மூன்றும் காம்புக்கு மூன்று இலை விடும் மூவிலைத் தீவனம். ஒன்று குங்கும நிறத்தில் பூப்பது, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. குங்கும நிற விதையை வாங்கு, இடுப்பளவு வளரும் என்று தேன் தடவிப் பேசினான். மாதி மயங்கவில்லை. மூன்றிலும் ஒவ்வொரு பிடி வாங்கினாள்.

தை மாத விடியலில், தரை வெள்ளையாய் உறைந்திருக்கும்போது, மேட்டில் மூன்று பாத்திகளில் விதையைத் தூவினாள். உழவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உழாமல் விதைப்பவள் நாளை அடுப்பில்லாமல் சமைப்பாள் என்றார்கள்.

“எனக்கு ஏர் எதுக்கு? ராத்திரி பனி இறுக்கும், பகல்ல வெயில் இளக்கும். மண்ணு தானா வாயைத் திறந்து விதையை முழுங்கிக்கும்” என்றாள் மாதி.

அப்படியே முழுங்கியது. குங்கும நிறம் முதலில் முளைத்தது. கடைசிப் பனியில் கருகிச் செத்தது. சிவப்பு முழங்கால் உயரம் வளர்ந்தது. மான்கள் இரண்டு முறை கடித்தன, தழைத்தது. மூன்றாம் முறை கட்டையாய் நின்றுவிட்டது. வெள்ளையோ தரையோடு தரையாய்ப் படர்ந்தது. மூன்று முறை கடிபட்டது, மூன்று முறையும் தழைத்தது.

அடுத்த பனியில் மேடு முழுக்க வெள்ளையையே விதைத்தாள். கணுக்கால் தாண்டாத பயிரைக் கண்டு ஊரார் திட்டித் தீர்த்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

சாமை கதிர் முற்றியது. அரசன் வேட்டைக்காரர்களோடு வயலோரம் வந்து காத்திருந்தான். முதல் நாள் மான் வரவில்லை. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாளும் வராமல் போகவே, மேட்டுக்கே ஏறிப் போனான். அங்கே மான்கள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன.

“இரண்டு ஆண்டில் இவ்வளவுதான் வளர்த்தாயா?” என்று அங்கே நின்ற மாதியைக் கேட்டான்.

“வளர்ந்ததெல்லாம் அதுங்க வயித்துல இருக்கு மகாராஜா. நாளைக்கும் வளரும்.”

அரசன் குனிந்து, மான் கடித்த தண்டில் துளிர்த்திருந்த புதுத் தளிரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு வேட்டைக்காரர்களை வீட்டுக்குப் போகச் சொன்னான். மாதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு எழுந்து காட்டுக் காவலுக்குப் போனாள்.

ஆகவே கேட்டவர்களே, ஓங்கி நிற்பதைவிடக் கடிபட்டாலும் திரும்பத் தழைப்பதே மேலானது.